கோரைப் பள்ளத்துக்குப் பத்துக்குப் பத்து

ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் அயர்லாந்து அரசாங்கம் ஒரு பட்டியலைக் கணினியில் ஏற்றிவிடும். எந்த விவசாயிக்கு எவ்வளவு மானியம் போனது என்று பேர், ஊர், தொகை எல்லாம் அதில் இருக்கும். ஒளிவுமறைவு இல்லாத நிர்வாகம் என்று டப்ளினில் உட்கார்ந்திருப்பவர்கள் வேண்டுமானால் மார்தட்டிக்கொள்ளட்டும். எங்கள் லீட்ரிம் பக்கத்தில் அந்தப் பட்டியல் செய்த வேலையே வேறு. அதுவரை அடுத்தவன் மாட்டைப் பார்த்தும் டிராக்டரைப் பார்த்தும் குத்துமதிப்பாக வயிறு எரிந்துகொண்டிருந்தவர்களுக்கு, அந்தப் பட்டியல் வந்தபிறகு கடைசிச் சென்ட் காசுவரை சுத்தமாக வயிறு எரிய வழி பிறந்தது.

டிரம்னாமோர் ஊர்க்காரர் ஜார்லத் கலோக்லி அந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்கிற ஆள். வயது அறுபத்து நான்கு. முப்பத்திரண்டு ஏக்கர், நாற்பது மாடு, சுண்ணாம்பு அடித்த சுவர், எண்ணெய் போட்ட கேட். பட்டியல் வந்த அன்று சமையலறை மேசையில் கணினியைத் திறந்து முதலில் அவர் தட்டுகிற பேர் தன்னுடையதல்ல, பக்கத்துப் பண்ணை டெர்மட் கீனியினுடையது.

"என்ன, உங்க ஆள் எவ்வளவு வாங்கியிருக்கான்?" என்று அடுப்படியிலிருந்து கேட்பாள் மனைவி அட்ராக்டா.

"என் ஆளா? எவன் என் ஆள்?"

"கட்டிக்கிட்ட முப்பத்தஞ்சு வருஷத்துல என் பேரை இவ்வளவு ஆசையா ஒருநாளும் தேடினதில்ல நீங்க. அதான் கேட்டேன்."

டெர்மட் கீனிக்கும் அதே வயதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பதினெட்டு ஏக்கர், ஏழெட்டு மாடு, கல்யாணம் கிடையாது. காலையில் பத்து மணிக்கு எழுந்தால் அது அவருக்கு விடியற்காலம். அவருடைய கேட்டைத் திறக்க முடியாது, அவிழ்க்கத்தான் முடியும். அத்தனையும் நீலக் கயிற்றில் கட்டிக்கிடக்கும். ஜார்லத் நேரங்காலம் பார்த்துப் புல்லை அறுத்துப் போட்டால் அன்று சாயங்காலமே மழை கொட்டும். தூங்கிவிட்டேன் என்று சொல்லி நாலு நாள் கழித்து டெர்மட் அறுத்துப் போட்டால் வெயில் அடிக்கும். இதை ஜார்லத் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. கால்நடைச் சந்தைக்குப் போனால் டெர்மட்டைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். ஜார்லத்திடம் வருகிறவர்கள் மழையைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, சரி வரேன் என்று நகர்ந்துவிடுவார்கள். அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் மானியத்தில் மட்டும் ஜார்லத் கைதான் ஓங்கியிருந்தது. ஏக்கர் கூடுதல், அதனால் தொகையும் கூடுதல். ஒரு காலத்தில் வேளாண் துறைக்காரர்கள் வானத்திலிருந்து படம் பிடித்துப் பார்த்து, புதர் மண்டின இடமெல்லாம் விவசாயமே இல்லை என்று பணத்தைப் பிடித்தார்கள். ஜார்லத் அன்றைக்கே தோண்டும் இயந்திரத்தை வரவழைத்தார். முள்மரம், வேலி, கோரை, பாசி ஒன்றுவிடாமல் வழித்தெடுத்து, வடிகால் வெட்டி, நிலத்தை மொட்டை அடித்து விட்டார். டெர்மட்டுக்கும் பணம் பிடித்தார்கள். அந்த மனிதர், "போனாப் போகுது, குருவிங்களும் எங்கயாவது இருக்கணுமே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

அதே துறை, அதே கட்டடம், பத்து வருஷத்தில் பேச்சை மாற்றியது. இனிமேல் புதருக்கும் கோரைக்கும் பூவுக்கும்தான் பணமாம். வயலுக்கு மதிப்பெண் போட ஓர்லா என்று ஒரு வேளாண் ஆலோசகர் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்தாள். ஜார்லத்தின் வயலைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்து அட்டையில் குறித்தாள்.

"உங்களுக்கு மூணு."

"எத்தனைக்கு?"

"பத்துக்கு."

"நல்லாப் பாரும்மா. புல்லைப் பாரு. கண்ணைப் பறிக்கிற பச்சை!"

"அதாங்க சிக்கல். பச்சையா புல்லு மட்டும்தான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்லையே."

மறுநாள் டெர்மட் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டுச் சொன்னார்: "ஜார்லத், நம்ம கோரைப் பள்ளத்துக்குப் பத்துக்குப் பத்தாம்ப்பா! உள்ளான் குருவி முட்டை வெச்சிருக்காம், ஏதோ ஆர்க்கிட் பூவாம். அந்தப் பொண்ணு சேத்துல நின்னுக்கிட்டு குதிக்குது. எனக்கே தெரியாதுப்பா, இதெல்லாம் அங்க இருக்குன்னு."

கோரைப் பள்ளம் என்ற பேரைக் கேட்டதும் ஜார்லத்துக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. ஏனென்றால் அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் அவருடையது.

1998 இலையுதிர் காலத்தில் நடந்த சங்கதி அது. பள்ளம் அஞ்சு ஏக்கர், வருஷம் முழுக்கச் சொதசொதவென்று கிடக்கும். ஜார்லத்தின் கன்றுக்குட்டி ஒன்று அதில் புதைந்தே செத்தது. டெர்மட்டுக்கு ஜார்லத்தின் வீட்டை ஒட்டிக் காய்ந்த மேட்டு நிலம் மூணு ஏக்கர் இருந்தது. மாட்டுக்கொட்டகை கட்ட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஜார்லத் ஒருநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பள்ளம் உன் வீட்டுக்குப் பக்கம், மேடு என் வீட்டுக்குப் பக்கம். மாத்திக்குவமா? உனக்கு ரெண்டு ஏக்கர் கூடவே வருது" என்றார். டெர்மட் வானத்தைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், "சரி" என்றார். அவ்வளவுதான். உள்ளங்கையில் துப்பிக் கையைக் குலுக்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் பொருளைக் கொடுக்கிறவன், வாங்குகிறவனுக்கு ராசிக்காசு என்று கொஞ்சம் திருப்பித் தருவது வழக்கம். இங்கே ரெண்டு பேருமே கொடுக்கிறவர்கள். ஆகவே, யூரோ வராத அந்தக் காலத்தில், இவர் ஒரு ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுக்க, அவரும் ஒரு ஐந்து பவுண்டு நோட்டைக் கொடுத்தார். பத்திரத்தை மட்டும் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், வக்கீலுக்கு எதற்குத் தண்டம் என்று விட்டார்கள். அந்த நாளை வரவே இல்லை.

ஜார்லத் தனக்கு வந்த நோட்டை அன்று சாயங்காலமே பிரெஸ்லின் கடையில் பீருக்குக் கொடுத்துவிட்டு, டெர்மட் தலையில் பள்ளத்தைக் கட்டின கதையைச் சொன்னார். கடையே அதிர்ந்தது. அவர் சொல்லி ஊர் சிரித்த கதை அது ஒன்றுதான். அதனால் இருபத்தைந்து வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்ப்பது, பள்ளத்தைப் பார்ப்பது, வாயைப் பிளந்துகொண்டு "சரி" என்பது எல்லாம் நடித்துக் காட்டுவார். டெர்மட் அங்கே இருந்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது பட்டியல் வந்தது. டெர்மட் கீனிக்கு ஜார்லத்தைவிட அறுநூறு யூரோ கூட. ஜார்லத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அறுநூறுதான்.

அந்த வாரம் கடையில் பிரெஸ்லின் பீரை ஊற்றிக்கொண்டே, "ஜார்லத், அந்தப் பள்ளத்துக் கதையை எடுத்து விடு. யார் தலையில யார் கட்டினதுன்னு மறந்துபோச்சு" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. பாதி கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். தூங்குமூஞ்சிப் பயல். ஒரு வடிகால் வெட்டினானா? ஒரு முள்ளைப் பிடுங்கினானா? ஒன்றுமே செய்யாததற்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது, அதுவும் என் அப்பன் நிலத்துக்கு! ஒரு வருஷம் முழுக்க இதையே மென்றுகொண்டிருந்தார்.

அடுத்த மே மாதம், மானிய விண்ணப்பத்துக்குக் கடைசி வாரம். மாடுகளின் அடையாள அட்டைகளைத் தேடி பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தபோது, அடியில் பழைய பத்திரம் கிடந்தது. கோரைப் பள்ளம், அஞ்சு ஏக்கர், உரிமையாளர் பிரான்சிஸ் கலோக்லி. ஜார்லத்தின் அப்பா. அட்ராக்டா கோயிலில் பாடல் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஜார்லத் கணினியைத் திறந்தார். திரையில் நிலங்களின் வரைபடம். தன்னுடைய வயல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்துக்கொண்டே வந்தவர், கோரைப் பள்ளத்தின் மேல் வந்து நின்றார்.

"எழுதியிருக்கிறதைத்தானே சொல்றேன். பொய்யா சொல்றேன்?" என்று நாயிடம் கேட்டார். பிறகு அதையும் தொட்டுவிட்டார்.

ஜூலையில் துறையிலிருந்து கடிதம் வந்தது. ஒரே நிலத்தை ரெண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத் தீர்த்துக்கொள்ளும்வரை யாருக்கும் பணம் இல்லை என்று இருந்தது. பணம் தன் பக்கம் வந்துவிடும் என்றுதான் ஜார்லத் நினைத்திருந்தார். நின்றே போகும் என்று நினைக்கவில்லை. அந்தப் பணம் வந்தால்தான் குளிர்காலத் தீவனம். கடிதத்தை மடித்து பிஸ்கட் டப்பாவுக்குள் திணித்தார்.

மறுநாள் டெர்மட் ஏணி கேட்டு வந்தார். கையில் கடிதம்.

"உனக்கும் வந்துச்சா இந்தக் காதல் கடுதாசி?"

"என்ன கடுதாசி?"

"கோரைப் பள்ளத்தை நீயும் கேட்டிருக்கியாம், நானும் கேட்டிருக்கேனாம்! கம்ப்யூட்டருக்குக் கழண்டுபோச்சுப்பா. நீ எதுக்கு அதைக் கேக்கப்போற? தலையில கட்டின ஆளே நீதானே!" டெர்மட் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சந்தேகப்படக்கூடத் தெரியாமல் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்ததும் ஜார்லத்துக்கு அதன் மேலும் பொறாமை வந்துவிட்டது. தன்னால் ஒருநாளாவது இப்படி நிற்க முடியுமா?

"இருக்கும். கம்ப்யூட்டர்தான்" என்றார்.

"நான் போய் ஓர்லாகிட்டச் சொல்லிட்டு வந்துடறேன். நீ எதுக்கு அலையணும், உனக்குத்தான் ஆயிரம் வேலை இருக்கே." டெர்மட் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

ரெண்டு நாள் கழித்துக் காலையில் ஜார்லத் வெளியே வந்தார். கேட்டில் ஏணி சாய்த்து வைத்திருந்தது. டெர்மட் கீனி கேட்காமல் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்ததாக இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. போன தடவை அதே ஏணி ரெண்டு வருஷம் அவர் வீட்டுச் சுவரில் கிடந்தது. பள்ளத்தைக் குறித்தது யார் என்று ஓர்லா திரையைத் திருப்பிக் காட்டிவிட்டாள் என்று ஜார்லத்துக்குப் புரிந்துவிட்டது. ஏணியை எடுத்து உள்ளே வைக்கக்கூட அவருக்குக் கை வரவில்லை. அதன் பிறகு ஒன்பது நாள் டெர்மட் அந்தப் பக்கமே வரவில்லை.

பத்தாம் நாள் அட்ராக்டா மாட்டு அட்டைக்காக டப்பாவைத் திறந்தாள். கடிதத்தையும் பத்திரத்தையும் மேசைமேல் விரித்துப் போட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

"இதை நீங்களாத்தான் பண்ணீங்களா, இல்ல யாராவது சொல்லிக்குடுத்தாங்களா?"

"என் அப்பா பேர்ல இருக்கற நிலம்."

"சரி. நம்ம மாட்டுக்கொட்டகை எந்த நிலத்துல நிக்குது?"

"மேட்டு நிலத்துல."

"அது யார் அப்பா பேர்ல இருக்கு?"

ஜார்லத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எழுதியதுதான் செல்லும் என்றால் மேட்டு நிலம் கீனியுடையது. அதன்மேல் கடன் வாங்கிக் கட்டின கொட்டகை, அக்டோபரில் உள்ளே அடைய வேண்டிய நாற்பது மாடு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் கீனி மண்ணில் நிற்கின்றன. டெர்மட் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேயறைந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்தவன் தட்டையே பார்த்துக்கிட்டிருந்தா, தன் தட்டு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? எந்திரிங்க. போய்க் கால்ல விழுங்க. தொப்பியைக் கழட்டிட்டுப் போங்க" என்றாள் அட்ராக்டா.

டெர்மட் பன்றி இறைச்சி வறுத்துக்கொண்டிருந்தார். மணி பதினொன்று. "வா" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிலையும் அடுப்பில் வைக்கவில்லை. எங்கள் பக்கம் வழக்குப் போட்டவன் வந்தால்கூடத் தேநீருக்குக் கெட்டிலை வைத்துவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிப்பார்கள்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நான் சொல்லப்போறதில்ல" என்றார் டெர்மட், வாணலியைப் பார்த்தபடியே. "குடுத்திருக்க மாட்டேன். எனக்கும் காசு வேணும். ஆனா நீ கேட்டிருக்கலாம். நான் வந்து நின்னப்பவாவது சொல்லியிருக்கலாம். கம்ப்யூட்டர்னு சொல்லி என்னை ஓர்லா முன்னால கோமாளியாக்கிட்ட."

"எனக்குப் பொறுக்கலடா" என்றார் ஜார்லத். வேறு எதையோ சொல்லத்தான் வந்தார், வாயில் வந்தது இதுதான். "ஆறு மணிக்கு எந்திரிக்கிறேன். ஒரு நாள் ஓஞ்சு உக்காந்ததில்ல. துறைக்காரன் வெட்டுன்னான், வெட்டினேன். புடுங்குன்னான், புடுங்கினேன். எனக்கு மூணு. நீ தூங்கிக்கிட்டிருக்க, உனக்குப் பத்து. சின்ன வயசுலேருந்து இப்படித்தான். என்னால தாங்க முடியல. அவ்வளவுதான்."

டெர்மட் இப்போதுதான் திரும்பினார்.

"மேட்டு நிலம் என் அப்பா பேர்ல இருக்கு. தெரியுமில்ல?"

"தெரியும். இன்னிக்குக் காலைல அட்ராக்டா சொன்னா."

"இன்னிக்குக் காலைலயா?" டெர்மட்டின் வாய் ஓரம் துடித்தது. "அப்ப நீ திட்டம் போட்டுப் பண்ணல. வெறும் முட்டாள்தனம்தான். நான் ஒன்பது நாளா உன்னைப் பெரிய ஆளுன்னு நெனச்சுட்டேன்."

சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் கையை விட்டு எதையோ எடுத்து மேசையில் வைத்தார். ஜார்லத் கொடுத்த ஐந்து பவுண்டு நோட்டு. மடிப்புக் கலையாமல் இருந்தது. செலவே செய்யவில்லை. அதற்குப் பக்கத்தில் ஓர்லா கொடுத்த படிவத்தையும் வைத்தார்.

"கையெழுத்துப் போடறேன். பள்ளம் எனக்கு, மேடு உனக்கு. ரெண்டுக்கும் பத்திரம் மாத்திக்குவோம், வக்கீல் செலவு உன்னோடது. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிரெஸ்லின் கடைக்கு வா. உன் கதையைச் சொல்லு. இருபத்தாறு வருஷமா நானும் உக்காந்து கேட்டிருக்கேன். இப்பத்தான் அதுக்கு முடிவு வந்திருக்கு. அதையும் சேத்துச் சொல்லணும்."

இதற்குப் பதில் கொட்டகையையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம் என்று ஜார்லத்துக்குத் தோன்றியது. தலையை ஆட்டினார். டெர்மட் அப்புறம்தான் கெட்டிலை எடுத்து அடுப்பில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமில்லை. ஜார்லத் எழுந்து நின்று, "பள்ளத்துக் கதை சொல்றேன்" என்றதும், "அட, மறுபடியுமா!" என்று நாலு குரல் கிளம்பியது. ஆரம்பித்தார். கன்றுக்குட்டி புதைந்தது, தொண்டையைக் கனைத்தது, வானத்தைப் பார்த்தது, பள்ளத்தைப் பார்த்தது. "சரி" என்றதும் வழக்கம்போலச் சிரித்தார்கள். மூலையில் அட்ராக்டா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்..." என்றார் ஜார்லத். "இந்த மே மாசம்... விண்ணப்பம் போடறப்ப... நான்..."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். அறுபத்து நான்கு வயதில் அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்துவிட்டார்.

"அட, அவனுக்குச் சொல்ல வெக்கம்ப்பா, நான் சொல்றேன்!" என்று டெர்மட் ஸ்டூலிலிருந்து இறங்கினார். "துறையில ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பத்துக்குப் பத்து வாங்கின நிலத்தை ஒருத்தன் கெஞ்சிக் கூத்தாடி அடுத்தவன் தலையில கட்டியிருக்கான்னா அதால நம்பவே முடியல. இவ்வளவு பெரிய மடையன் லீட்ரிம்ல இருக்க முடியாதுன்னு, அதுவே பரிதாபப்பட்டுப் பள்ளத்தைத் திருப்பி ஜார்லத் பேர்லயே போட்டுருச்சு! ரெண்டு பேருக்கும் காதல் கடுதாசி வந்துச்சு. இவன் அதைப் படிச்சப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? இந்தா, பாருங்க."

டெர்மட் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோலத் துடைத்து, மாட்டி, கடிதத்தைத் தூர வைத்து, கிட்டே வைத்து, மறுபடியும் தூர வைத்துப் பார்த்தார். ஜார்லத்தேதான். கடை கூரை பிய்ந்துகொண்டு சிரித்தது. பிரெஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு பீர் ஊற்றுகிற மேடையைக் கையால் தட்டினான். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள். டெர்மட் இன்னொரு தடவை செய்து காட்டினார். யாரும் ஜார்லத்தை எதுவும் கேட்கவில்லை.

வெளியே வந்து காரில் ஏறும்போது டெர்மட் பின்னாலிருந்து கத்தினார். "ஜார்லத்! அந்த ஏணி எனக்கு நாளைக்கு வேணும்ப்பா!"

"எடுத்துக்கோ."

கோரைப் பள்ளத்தை ஒட்டி வரும்போது அட்ராக்டா சொன்னாள். "மனுஷன் உங்க மானத்தைக் காப்பாத்திட்டான். நாக்கு நுனிவரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, பழியைக் கம்ப்யூட்டர் மேல போட்டுட்டான். வேற எவனாவது செய்வானா?"

ஜார்லத் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்தார்.

"அது என் கதை, அட்ராக்டா" என்றார். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அவன் என்னைவிட நல்லாச் சொல்றான்."